உடன்படிக்கை உள்ள பழைய வீட்டை விற்பது: எந்த வழியில் போகலாம்?

அந்தச் சனிக்கிழமை மதியம், எங்கள் வீட்டை வாங்க ஒப்பந்தம் போட்டிருந்த தம்பதி சமையலறைச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரை எடுத்துவிட்டால் சமையலறையும் சாப்பாட்டு அறையும் ஒன்றாகிவிடும், பெரிய கூடம் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்தச் சுவரின் மேல் 1908-ல் பூசிய சுண்ணாம்புப் பூச்சு இருக்கிறது. பூச்சுக்கு அடியில் விரல் அகல இடைவெளிகூட இல்லாமல் வரிசையாக அடித்த மெல்லிய மரப்பட்டிகள். "இதை இடிக்க முடியாதே, பத்திரத்தில் எழுதியிருக்கிறதே" என்று நான் சொன்னதும் இருவர் முகமும் மாறிவிட்டது. "எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்றார் அந்தப் பெண். அவர் சொன்னது உண்மைதான். பழைய வீட்டை இடிக்கவோ மாற்றவோ கூடாது என்று பத்திரத்திலேயே பதிவு செய்யும் பாதுகாப்பு உடன்படிக்கை அது. எங்கள் ஏஜென்ட் விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூடப் போடவில்லை. "உங்கள் ரசனைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்" என்றுதான் போட்டிருந்தார். நான்காம் நாள் ஒப்பந்தம் முறிந்தது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறது அந்த வீடு. கூரை ஒழுகி, பின்பக்கத் தரை உள்வாங்கிக் கிடந்த நிலையில் வாங்கி, பதினோரு வருடம் பழுது பார்த்து, என் மனைவிக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்ததால் விற்க வேண்டி வந்தது. ராலே, கேரி பக்கம் இருக்கும் நம் ஆட்கள் சிலருக்கும் இப்படிப்பட்ட வீடுகள் மேல் ஆசை இருக்கிறது. "அண்ணா, நாளைக்கு விற்கணும்னா இந்த வில்லங்கத்தோட யார் வாங்குவாங்க?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. விற்றுப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வில்லங்கம் என்ற சொல் ஒரு வகையில் சரியானது. இது பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது. யார் வாங்கினாலும் அவர்களையும் கட்டும். ஆனால் வங்கிக் கடனைப் போல அடைத்துத் தீர்த்துவிட முடியாது. பெரும்பாலும் நிரந்தரமானது. இது எப்படி வந்து சேருகிறது என்றால், இடிந்துபோகும் நிலையில் இருக்கும் பழைய வீட்டை ஒரு லாப நோக்கற்ற அமைப்பு வாங்கும், அல்லது தானமாகப் பெறும். "இடிக்கக் கூடாது, முக்கியமான பகுதிகளை மாற்றக் கூடாது" என்று பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்துவிட்டு, பழுது பார்க்க மனமுள்ளவருக்கு விற்கும். வந்த பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 1947-ல் தொடங்கிய ஹிஸ்டாரிக் சார்ல்ஸ்டன் ஃபவுண்டேஷன் ஆன்ஸன்பரோ பகுதியை இந்தச் சுழல் நிதி முறையில்தான் மீட்டது. ஜார்ஜியாவின் சவானாவில் 1954-ல் பழைய சிட்டி மார்க்கெட் கட்டடத்தை இடித்ததும் கோபம் கிளம்பி, 1955-ல் ஹிஸ்டாரிக் சவானா ஃபவுண்டேஷன் பிறந்தது. வட கரோலினாவில் இந்த வேலையை மாநிலம் முழுக்கச் செய்வது பிரிசர்வேஷன் நார்த் கரோலினா. ஈடன்டன் ஊரில் ஒரு பஞ்சாலைக் குடியிருப்பே 1995-ல் அதன் கைக்கு வந்தது. ஹா ஆற்றங்கரையில் 1954-ல் ஆலை மூடிப் பாழடைந்த க்ளென்கோ கிராமத்தை 1997-ல் வாங்கி, வீடு வீடாக உடன்படிக்கையோடு விற்றார்கள். அன்று செடி முளைத்துக் கிடந்த அந்தத் தொழிலாளர் வீடுகளில் இன்று குடும்பங்கள் வாழ்கின்றன. அவை கைமாறியும் வருகின்றன. 1979-ல் மாநிலம் போட்ட சட்டம் இந்த உடன்படிக்கைகளுக்கு உறுதியான அடித்தளம் கொடுத்தது. அதனால் "கோர்ட்டில் நிற்காது, பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம்.

எங்கள் பத்திரத்தில் இருப்பவை இவை. வீட்டை இடிக்கக் கூடாது. மனையைப் பிரிக்கக் கூடாது. வெளிப்புறத்தில் எதை மாற்றினாலும் எழுத்தில் அனுமதி வேண்டும். உள்ளே மாடிப்படி, கதவுகள், நான்கு நெருப்பிடங்களைச் சுற்றியுள்ள மரவேலை, சுவர்ப் பூச்சு, தரைப் பலகை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் பருத்த மரத்தைக் கேட்காமல் வெட்டக் கூடாது. கடைசியாக ஒன்று: விற்கும்போது அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், வேறொருவர் கொடுக்க முன்வந்த அதே விலைக்குத் தாங்களே வாங்கிக்கொள்ள அவர்களுக்கு 30 நாள் உரிமை உண்டு. மற்றவற்றைவிட இந்தக் கடைசி விதிதான் விற்பவரைத் திடுக்கிட வைக்கும். நடைமுறையில் அவர்கள் "எங்களுக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் அந்தக் கடிதம் கையில் இல்லாமல் பத்திரம் முடியாது. வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் நிறுவனமும் இந்த விதியைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். ஆகவே இதை ஒளிக்கவும் முடியாது, ஒளிக்கவும் கூடாது.

வழக்கமான ஏஜென்ட் வழி

எல்லோரும் முதலில் போவது இந்த வழியில்தான், நாங்களும் போனோம். ஏஜென்ட்டுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் எம்.எல்.எஸ். பட்டியலில் ஏறிய மறுநாளே ஸில்லோ மாதிரி வீடு தேடும் தளங்களில் எல்லாம் வீடு வந்துவிடும். ஆயிரம் பேர் பார்ப்பார்கள். விற்பவருக்கு ஆகும் தரகு பேச்சுவார்த்தையைப் பொறுத்தது. இரு பக்க ஏஜென்ட்டுக்கும் சேர்த்து விலையில் 5, 6 சதவீதம் என்பதுதான் நெடுநாள் வழக்கம். 2024 ஆகஸ்டிலிருந்து வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு எவ்வளவு என்று எம்.எல்.எஸ்.-இல் போடக் கூடாது என்றாகிவிட்டதால், அதைத் தனியாகப் பேசித் தீர்க்க வேண்டும்.

இந்த வழியில் சிக்கல் ஆள் வராதது அல்ல, தவறான ஆட்கள் வருவது. மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, இந்த விலைக்குள் என்று தேடுகிறவருக்கு எங்கள் வீடும் பத்து வருடத்துக்கு முன் கட்டிய வீடும் ஒரே வரிசையில் தெரியும். வந்து பார்த்து, மயங்கி, ஒப்பந்தம் போட்டுவிட்டு, அப்புறம்தான் பத்திரத்தைப் படிப்பார்கள். வட கரோலினாவில் டியூ டிலிஜென்ஸ் என்று ஒரு காலம் உண்டு. வாங்குபவர் திரும்பி வராத ஒரு தொகையை விற்பவரிடம் கொடுத்துவிட்டு, அந்தக் காலத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் விலகிக்கொள்ளலாம். எங்களுக்கும் அந்தத் தொகை கிடைத்தது. ஆனால் "மீண்டும் விற்பனைக்கு" என்ற வரி பட்டியலில் விழுந்துவிட்டது. அதைப் பார்த்தவர்கள் எல்லாம் அஸ்திவாரத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். வீட்டுக்கு வந்த அந்தக் கெட்ட பெயர் போக இரண்டு மாதம் ஆனது.

விலை மதிப்பீட்டில் இன்னொரு இடைஞ்சல். மதிப்பிடுபவர் பக்கத்தில் அண்மையில் விற்ற, இதைப் போன்ற வீடுகளை வைத்துத்தான் விலை சொல்வார். சிறிய ஊரில் உடன்படிக்கையோடு, முழுதாகப் பழுது பார்த்த வீடு கடைசியாக எப்போது விற்றது? எங்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை. அப்போது அடுத்த ஊரின் விற்பனைகளை நாமே தேடிக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வாங்கிப் பார்க்கிறார்கள். கொடுக்காவிட்டால் அவர்களாகத் தேடுவார்கள் என்று சொல்ல முடியாது.

இவ்வளவு சொன்னாலும், ராலேயின் ஓக்வுட், வில்மிங்டன், நியூ பெர்ன் போன்ற இடங்களில் வீடு இருந்தால் நான் இந்த வழியையே எடுப்பேன். அங்கே பழைய வீடு வாங்குவதற்கென்றே வருகிறார்கள். வெளிப்புறத்தில் மாற்ற நகர ஆணையத்தின் அனுமதி வாங்கும் பழக்கமும் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் இருக்கிறது. உடன்படிக்கை அவர்களுக்குப் புதிய பூதமாகத் தெரியாது. ஏஜென்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இதற்கு முன் உடன்படிக்கை உள்ள வீட்டை விற்றிருக்கிறீர்களா, அந்த விளம்பரத்தைக் காட்டுங்கள்." எங்கள் முதல் ஏஜென்ட்டிடம் நாங்கள் அதைக் கேட்கவில்லை.

பாதுகாப்பு அமைப்பின் வழி

உடன்படிக்கையை வைத்திருக்கும் அமைப்பையே நாடுவது இரண்டாவது வழி. ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்: சீரமைத்து முடித்த வீட்டை எல்லா அமைப்பும் விற்றுத் தராது. சாகக் கிடக்கும் வீடுகளுக்கே அவர்களின் ஆளும் நேரமும் போதாது. சில இடங்களில் கட்டணத்துக்கு விளம்பரம் போட இடம் தருவார்கள், உறுப்பினர்களுக்குச் செய்தி அனுப்புவார்கள்.

பார்ப்பவர்கள் எண்ணிக்கை இங்கே மிகக் குறைவு. ஆனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். ஏஜென்ட் வழியில் வந்தவர்கள் "இந்த ஜன்னலை எல்லாம் மாற்ற எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்கள். அமைப்பின் வழியாக வந்தவர்கள் "கண்ணாடி அசலா?" என்று கேட்டார்கள். அசல்தான். மாலை வெயில் விழும்போது அந்தக் கண்ணாடி வழியாகத் தெரு லேசாக அலைந்து தெரியும். சட்டத்துக்குள் கயிற்றில் தொங்கும் இரும்பு எடைதான் ஜன்னலைத் தாங்கி நிறுத்துகிறது. இருபத்தாறு ஜன்னலுக்கும் புதுக் கயிறு கோத்தது நானும் என் மகளும். வினைல் (பிளாஸ்டிக்) ஜன்னல் போடக் கூடாது என்ற விதி முதல் கூட்டத்துக்குக் குறை. இரண்டாம் கூட்டம் அதற்காகத்தான் வருகிறது. தரைப் பலகையும் அப்படித்தான். லாங்லீஃப் பைன் மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதி அது. அந்தக் காடுகள் பெரும்பாலும் நூறு வருடத்துக்கு முன்பே வெட்டித் தீர்ந்துவிட்டன. இன்று வேண்டுமென்றால் பெரும்பாலும் இடித்த கட்டடங்களிலிருந்து பெயர்த்ததைத்தான் வாங்க முடியும்.

இந்த வழியின் விலை நேரம். மாதங்கள் ஆகும். இன்னொன்றும் உண்டு: விளம்பரம் போடும் அமைப்புதான் கண்காணிக்கும் அமைப்பும். விற்பனைப் பேச்சு வந்ததும் ஒருவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். நம் பக்கம் அனுமதி இல்லாமல் செய்த வேலை ஏதாவது இருந்தால் அப்போது வெளியே வரும். வெந்நீர்க் கருவியின் புகைக்குழாயை எங்கள் பிளம்பர் தெருவைப் பார்த்த கூரைச் சரிவில் விட்டிருந்தார். நாங்கள் கவனிக்கவே இல்லை. அதைப் பின்பக்கம் மாற்றிக் கூரையை ஒட்ட மூன்று வாரம் ஆனது. முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் பத்திரம் முடிகிற வாரத்தில் வாங்குபவரின் வக்கீல் இதைக் கண்டுபிடித்திருந்தால் விற்பனையே நின்றிருக்கும். எந்த வழியில் விற்பதாக இருந்தாலும் பட்டியலில் ஏற்றும் முன்பே அமைப்பைக் கூப்பிட்டு, எல்லாம் உடன்படிக்கைப்படி இருக்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

நாமே விற்பது, விற்காமல் வைத்திருப்பது

தரகு மிச்சம் என்பதால் நாமே விற்பது கவர்ச்சியாகத் தெரியும். வாங்கும் ஆள் முன்கூட்டியே தெரிந்திருந்தால் மட்டும் இதைச் செய்யலாம். பழைய வீடுகளுக்கென்றே சர்க்கா ஓல்ட் ஹவுசஸ் போன்ற தளங்கள் இருக்கின்றன. அங்கே விளம்பரம் கொடுக்கலாம். ஆனால் மாநிலப் படிவத்தில் எல்லாவற்றையும் வெளிப்படுத்தும் பொறுப்பு நம் தலையில் விழும். 1978-க்கு முன் கட்டிய வீடு என்பதால் ஈயப் பெயின்ட் பற்றிய கூட்டரசுப் படிவமும் கொடுத்து, அதைச் சோதித்துப் பார்க்க வாங்குபவருக்குப் பத்து நாள் அவகாசமும் தர வேண்டும். பத்திர வேலையை எப்படியும் வக்கீல்தான் முடிக்கப்போகிறார். அவரையே முதல் நாளிலிருந்து வைத்துக்கொள்ளலாம்.

வாடகைக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கலாமா என்றும் யோசித்தோம். இதில் வரிக் கணக்கு முக்கியம். விற்பதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது சொந்தமாக வைத்துக் குடியிருந்தால், தம்பதி சேர்ந்து வரித்தாக்கல் செய்யும்போது 5 லட்சம் டாலர் வரை லாபத்துக்கு வரி இல்லை. தனி ஆளுக்கு இரண்டரை லட்சம். வாடகைக்கு விட்டு மூன்று வருடம் தாண்டினால் இந்தச் சலுகை போய்விடும். வீட்டின் மதிப்பை உயர்த்தும் சீரமைப்புக்குச் செலவழித்தது வாங்கிய விலையோடு சேரும், எனவே ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வருமானம் தரும் கட்டடமாக வைத்து, சீரமைப்புச் செலவில் 20 சதவீதக் கூட்டரசு வரிச்சலுகை வாங்கியவர்களுக்கு வேறு கணக்கு. வேலை முடிந்து ஐந்து வருடத்துக்குள் விற்றால் அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும். குடியிருந்த எங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது; மாநிலத்தின் 15 சதவீதச் சலுகைதான் உண்டு, அதுவும் 22,500 டாலர் வரைதான்.

எங்கள் விஷயத்தில் வாடகை வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் வரி அல்ல. வெளியூரில் உட்கார்ந்துகொண்டு சுண்ணாம்புப் பூச்சு வீட்டைப் பராமரிக்க முடியாது. யாரோ ஒருவர் செங்கல் இடுக்கில் சிமென்ட்டை அடைத்துவிட்டுப் போவார். அது செங்கல்லைவிடக் கெட்டி. ஈரத்தை வெளியே விடாது. சில குளிர்காலம் போனால் செங்கல்லின் முகமே உதிர்ந்துவிடும். அந்த வீட்டுக்கு அப்படி நடப்பதை என்னால் தாங்க முடியாது.

விலை குறையுமா?

இதற்கு ஒரே பதில் இல்லை. நிலம் என்ன விலை என்பதைப் பாருங்கள். ராலே நடுவில், வீட்டைவிட மனைக்கு விலை அதிகமான தெருவில், இடித்துவிட்டு இரண்டு வீடு கட்ட நினைக்கும் பில்டர் போட்டியிலிருந்து விலகிவிடுவார். அந்த வித்தியாசம் நிச்சயம் விலையில் தெரியும். எங்கள் ஊர் போன்ற இடத்தில் காலி மனை மலிவு, பில்டரும் வருவதில்லை. அங்கே உடன்படிக்கையால் இழப்பது மிகக் கொஞ்சம். அங்கே விற்பவரை நோகடிப்பது வேறொன்று: பழுது பார்க்கச் செலவான பணம் முழுக்கத் திரும்பி வருவதில்லை. எங்களுக்கும் வரவில்லை. அதை உடன்படிக்கையின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

சாதகமான பக்கத்தையும் விலை பேசும்போது எடுத்து வைக்க வேண்டும். எங்கள் வீடு உள்ளூர் அரசு அறிவித்த வரலாற்றுச் சின்னமும்கூட. வட கரோலினாவில் அப்படி அறிவித்த கட்டடத்துக்குச் சொத்து வரியில் பாதியை ஒத்திவைப்பார்கள். அறிவிப்பு நீக்கப்பட்டாலோ, கட்டடத்தை மாற்றி அதன் வரலாற்றுச் சிறப்பைக் கெடுத்தாலோ கடைசி மூன்று வருடத்தின் பாக்கியை வட்டியோடு கட்ட வேண்டும். வருடா வருடம் மிச்சமாகும் பணம் இது. வாங்க வந்தவர்களுக்கு வரி ரசீதையே காட்டினோம்.

இங்கே மூன்று விஷயங்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நேஷனல் ரெஜிஸ்டர் என்ற, வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களின் கூட்டரசுப் பட்டியலில் வீடு இருப்பது பெருமை. தனியார் தன் சொந்தப் பணத்தில் இடித்தால் அந்தப் பட்டியல் தடுக்காது. உள்ளூர்ச் சின்ன அறிவிப்பு கொஞ்சம் தடுக்கும். ஆனால் இந்த மாநிலத்தில் இடிப்பதைப் பெரும்பாலும் 365 நாள் தள்ளிப்போடத்தான் முடியும். உடன்படிக்கை மட்டும்தான் முழுதாகத் தடுக்கிறது. நீங்கள் விற்றுப் போன பிறகும் வீடு நிற்க வேண்டும் என்று நினைத்தால் இந்த மூன்றில் எதைப் பிடித்துக்கொள்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உடன்படிக்கை இல்லாத, அழகாகப் பழுது பார்த்த வீட்டை விற்கப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்வேன்: விற்பதற்கு முன்பே ஓர் அமைப்போடு பேசுங்கள். நாமாக முன்வந்து உடன்படிக்கை கொடுப்பதற்குக் கூட்டரசு வரிக் கழிவுகூடக் கிடைக்கலாம். எங்களைப் போல உடன்படிக்கையோடு வாங்கியவர்களுக்கு அது கிடையாது, நாம் கொடுத்தது ஒன்றும் இல்லையே.

நாங்கள் கடைசியில் செய்தது

இரண்டு வழியையும் சேர்த்தோம். பழைய வீடுகளை விற்றுப் பழகிய வேறொரு ஏஜென்ட்டைப் பிடித்தோம். கூடவே அமைப்பின் வழியாகவும் விளம்பரம். உடன்படிக்கையை விளம்பரத்தின் இரண்டாவது வாக்கியத்தில் போட்டோம். வாசலில் வைத்த தாளில் ஒரு பக்கம் செய்யக் கூடாதவை, மறுபக்கம் தாராளமாகச் செய்யக்கூடியவை: புதுச் சமையலறை, குளியலறை, ஏசி, உள்ளே எந்த நிறப் பெயின்ட்டும். இந்த மறுபக்கத்தைப் பார்த்துத்தான் பலருக்கு மூச்சே வந்தது. மின்கம்பி முழுவதும் புதிது என்பதற்கான நகராட்சிச் சான்றையும் வைத்தோம், ஏனென்றால் பழைய கம்பி இருந்தால் காப்பீடு கொடுக்க நிறுவனங்கள் தயங்குகின்றன.

பார்க்க வந்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஏழு மாதம் ஆனது. ஆறு மாதம்கூடக் காத்திருக்க முடியாத நிலையில் இருப்பவருக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். அவர் நல்ல ஏஜென்ட்டை வைத்து, உடன்படிக்கையை முதலிலேயே சொல்லி, விலையைக் கொஞ்சம் குறைத்து விற்பதே மேல்.

வாங்கியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பார்க்க வருவதற்கு முன்பே பத்திர நகலைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தார். மாடிப்படியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, பின்பக்கத்துப் பெக்கான் மரம் பன்னிரண்டு அங்குலம் தாண்டுமா என்று கேட்டார். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இருவரும் போய் அளந்தோம். தாண்டியது. "நல்லது" என்றார்.

சாவி கொடுத்த அன்று ஒரு மரப்பெட்டியையும் கொடுத்தோம். மீந்த ஜன்னல் கயிறு ஒரு சுருள், பழைய கண்ணாடி ஐந்து, தரைப் பலகைத் துண்டு இரண்டு, சாந்துக்குச் சுண்ணாம்பும் மணலும் எந்த அளவில் கலந்தோம் என்று என் மனைவி எழுதி வைத்த தாள். அவர் தாளை எடுத்துப் படித்துவிட்டு, மணல் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார்.